எட்டு ஜிபிக்கு ஒரு பொட்டு

அத்தியாயம் 17

சகாதேவனின் வலது காலுக்குள் கம்பி வைத்து மூன்று வாரம் ஆகிறது. தான் ஓட்டும் மினி பஸ்ஸின் படியில் வழுக்கியதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று அவர் கேட்காத சாமி திருவண்ணாமலையில் பாக்கியில்லை. "கிளட்ச் காலாவது தப்பிச்சுதே" என்று ஆறுதல் சொன்னவர்களிடம், "பிரேக் இல்லாம எந்த வண்டிங்க ஓடும்?" என்று கேட்டு வாயை அடைத்தார். நாலு மாதத்துக்கு ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு.

ஆக, இந்த வீட்டில் இப்போது வேலை செய்யக்கூடிய கை அவர் மனைவி அன்புச்செல்வியுடையதுதான். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறிய கை அது. தேறி என்ன, இத்தனை வருடமாக மாவு பிசைந்தது. ஓசூரில் வேலை செய்யும் மகள் மதிவதனிதான் ஒரு சென்னைக் கம்பெனியைத் தேடிப்பிடித்தாள். பேச்சைக் காதில் கேட்டு அப்படியே தமிழில் அடித்துத் தரவேண்டும், வீட்டிலிருந்தே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தேர்வு. தவறவிட்டால் அடுத்த அழைப்பு கிடையாது.

மதிவதனி காலேஜில் சேர்ந்தபோது வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் கம்பெனியின் சாஃப்ட்வேரை ஏற்றிப் பார்த்ததும் ஒரு சிவப்புக் கட்டம் வந்து நின்றது. எட்டு ஜிபி ராம் வேண்டும், உன்னிடம் நாலுதான் இருக்கிறது என்றது. அந்தச் சிவப்புக் கட்டத்துக்கு முன்னால்தான் போன வாரம் அன்புச்செல்வியை உட்கார வைத்துவிட்டு வந்தோம்.

அவள் உட்கார்ந்தே இருக்கவில்லை. வெள்ளிக்கிழமையே டவுனுக்குப் போய், கம்ப்யூட்டர் கடை சுரேஷ்குமாரிடம் பெட்டியின் மாடலைக் காட்டி, எட்டு ஜிபி ராம் ஒன்று வாங்கி வந்துவிட்டாள். விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு, அவ்வளவுதான். "பொட்டியத் தூக்கினு வாங்கக்கா, ரெண்டு நிமிஷத்துல மாட்டித் தரேன்" என்றான் அவன். சனிக்கிழமை முழுக்க சகாதேவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்ததில் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பௌர்ணமி.

பௌர்ணமி என்றால் இந்த ஊரில் தெருவெல்லாம் கால். செங்கம் ரோட்டில் அவர்கள் வீட்டு வாசலில் காலையிலிருந்தே கிரிவலக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆட்டோ கிடையாது, பஸ் ஊருக்கு வெளியே. அந்தப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தை எதிர்த்து டவுன் வரைக்கும் நடக்க முடியுமா? நடந்தாலும் கடை பூட்டியிருக்கும். சுரேஷ்குமார் மாதாமாதம் பௌர்ணமிக்கு அன்னதானப் பந்தலில் சாம்பார் ஊற்றப் போய்விடுவான்.

"நாமளே மாட்டிக்கலாம்மா" என்றாள் மதிவதனி, வீடியோ காலில். "நான் பாத்துகினே சொல்றேன். நீ கையி, நான் கண்ணு."

"எனக்கு மிக்ஸி ஜாரையே ஒழுங்கா மாட்ட வராதுடி."

"அது மிக்ஸி. இது சுலபம்."

ஒரு மணிக்கு மேஜை மேல் பழைய செய்தித்தாளை விரித்து, பெட்டியைப் படுக்க வைத்தாள் அன்புச்செல்வி. சகாதேவன் இரண்டு முழ தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை முக்காலி மேல் நீட்டியிருந்தார். இருபத்தைந்து வருடம் வண்டியோடு மல்லுக்கட்டியவர். நடுரோட்டில் என்ஜின் படுத்துக்கொண்டால் கிளீனரிடம் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்ற ஜாதி அல்ல அவர். இன்றைக்கு மனைவி திருப்புளியைத் தலைகீழாகப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டியிருந்தது.

"எடது பக்கமா திருப்பு. எடதுன்னா ஒன் எடது."

"நீங்க சும்மா இருங்க. மதி, நீ சொல்லு."

பக்கத்துத் தகடு கழன்று வந்தது. உள்ளே ஒரு விரல் கனத்துக்குத் தூசு, பல்லி முட்டை ஓடு இரண்டு. "ஐயய்யோ" என்று அன்புச்செல்வி பின்வாங்கினாள். பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டச் சொன்னாள் மகள். தட்டினாள். தும்மினாள். அதற்குள் போனில் சிக்னல் போய்விட்டது. "இருங்க, கொல்லப் பக்கம் போயி பேசிட்டு வரேன்" என்று அன்புச்செல்வி போனைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

அந்த இரண்டு நிமிடத்தில்தான் சகாதேவன் அதைச் செய்தார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டிக்குப் புதுசாக எது வந்தாலும், டயரோ பேட்டரியோ, வைப்பர் ரப்பராகவே இருந்தாலும், பொட்டு வைக்காமல் மாட்ட மாட்டார். குங்குமம் கூட அல்ல. கார்த்திகை தீபம் எரிந்த கொப்பரையிலிருந்து வழித்து, நெய்யில் குழைத்துக் கோயிலில் தருவார்களே, அந்த தீப மை. வருடாவருடம் வாங்கிய பொட்டலம் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். பஸ் படியில் வழுக்கிய அன்றைக்கு மட்டும்தான் அதை வேறு சட்டையில் மறந்து வைத்திருந்தார். அதனால்தான் விழுந்தோம் என்று அவர் மனசுக்குள் முடிவே கட்டியிருந்தார்.

புதுப் பொருள், அதுவும் அன்புவுக்கு வேலை வாங்கித் தரப்போகிற பொருள், பொட்டில்லாமல் போகலாமா? கையை நீட்டி உறையிலிருந்து அந்தத் தகட்டை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே நெற்றி, எங்கே கால் என்று புரியவில்லை. பச்சை உடம்பு, கறுப்புச் சதுரங்கள், அடிவிளிம்பு நெடுக வரிசையாகத் தங்க நிறத்தில் சின்னச் சின்னப் பல். மினுமினுக்கிற இடம்தான் முகமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. மோதிர விரலால் மையைத் தொட்டு, அந்தத் தங்கத்தின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார். "அண்ணாமலையாரே, இவளுக்காச்சும் வழிய உடு" என்று வேண்டிக்கொண்டு, உறைக்குள் திரும்ப வைத்துவிட்டார்.

மனசுக்கு நிறைவாக இருந்தது. இந்த மூன்று வாரத்தில் அவர் கையால் நடந்த முதல் காரியம் அது.

அன்புச்செல்வி திரும்பி வந்தாள். மகள் சொன்னபடி முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டாள். உடம்பில் கரண்ட் இருக்குமாம், அது ராமைக் கொன்றுவிடுமாம். தங்கப் பல் பக்கம் கை படக் கூடாது, ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும் என்றாள் மதிவதனி. சகாதேவனுக்கு அப்போதே லேசாக எங்கோ இடித்தது. ஆனால் கை படக் கூடாது என்றுதானே சொன்னாள், சாமி படக் கூடாது என்று சொல்லவில்லையே.

உள்ளே இரண்டு பள்ளம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் பழைய ராம், இன்னொன்று காலி. காலிப் பள்ளத்தில் புதியதை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். 'டக்'கென்று இரண்டு பக்கமும் கொக்கி மாட்டியது.

"சூப்பர்மா! பவர் போடு."

போட்டாள். காற்றாடி சுற்றியது. திரை இருட்டாகவே கிடந்தது. பிறகு பெட்டி கத்த ஆரம்பித்தது. பீப், பீப், பீப் என்று விடாமல், லாரி ரிவர்ஸ் எடுப்பதுபோல்.

"ஏன்டி அழுவுது இது?"

"ராம் எங்கயோ ஒக்காரல. கழட்டி மறுபடி மாட்டு."

கழற்றினாள், மாட்டினாள், கத்தியது. மறுபடி செய்தாள், மறுபடி கத்தியது. நாலாவது தடவை புதியதை வெளியே எடுத்துவிட்டுப் பழையதோடு மட்டும் போட்டதும் திரை சமர்த்தாக எரிந்தது. அதே நாலு ஜிபி, அதே சிவப்புக் கட்டம்.

"அப்ப புது ராமே டெட்தான்மா" என்றாள் மதிவதனி, குரல் கம்மிப்போய்.

மணி இரண்டேகால்.

அன்புச்செல்வி பெட்டி முன்னால் குனிந்து நின்றாள். சகாதேவன் அவள் முதுகைப் பார்த்தார், பிறகு உறை மேல் கிடந்த தகட்டைப் பார்த்தார். கடைசிப் பல் நாலைந்தில் கறுப்பாக ஒரு தீற்றல். தூசு படிந்த பெட்டியில் அது தூசாகத்தான் அவள் கண்ணில் பட்டிருக்கும். அவருக்குத்தான் தெரியும் அது எதன் கறுப்பு என்று.

மினி பஸ்ஸுக்கு முன்னால் ஆறு வருடம் பெட்ரோல் வேன் ஓட்டியவர். பிளக்கில் கரி பிடித்தால் வண்டி கிளம்பாது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பார்! பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, ஊதி மாட்டினால் ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பும். இங்கே அவரே கரியைக் குழைத்துப் பிளக்கில் பூசிவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி இப்போது காலை நீட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

சொல்லிவிடலாம். ஒரு வரி. 'நான்தான் பொட்டு வெச்சேன், தொடச்சிட்டு மாட்டு.' வாய் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது இந்தக் கதையை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் வேலைவாய்ப்பு ஆபீசிலிருந்து அன்புச்செல்விக்கு ஒரு கார்டு வந்தது. டைப்பிஸ்ட் வேலைக்கு நேர்காணல். டீக்கடையில் வைத்துப் போஸ்ட்மேன் கார்டைச் சகாதேவன் கையில் கொடுத்தார். மதிவதனிக்கு அப்போது இரண்டு வயது. பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து தின்கிறான் என்று ஊர் சொல்லுமோ என்ற பயம். கார்டை வேன் சீட்டுக்கு அடியில் வைத்தார். தேதி போன பிறகு எடுத்துக் கிழித்துவிட்டார். அவளோடு டைப்ரைட்டிங் படித்த எழிலரசி அதே நேர்காணலுக்குப் போய், இன்றைக்கு வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் பெரிய நாற்காலியில் இருக்கிறாள். தபாலில் தொலைந்தது என்றுதான் அன்புச்செல்வி இன்றுவரை நம்புகிறாள்.

இப்போது பொட்டைச் சொன்னால் என்ன நினைப்பாள்? வேண்டுமென்றே செய்தார் என்று நினைத்துவிட்டால்? ஒரு முறை நிஜமாகவே தடுத்தவனுக்கு, இரண்டாவது முறை தடுக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்புச்செல்வி சுரேஷ்குமாருக்குப் போன் போட்டாள். பந்தல் சத்தத்துக்கு நடுவில் அவன் ஐந்தாவது தடவை எடுத்தான்.

"ஏன் தம்பி, செத்த ராமத் தூக்கிக் குடுத்திருக்கியே, நல்லாருப்பியா?"

"அக்கா, நான் டெஸ்ட் பண்ணி ஓட்டிப் பாத்துத்தான் குடுத்தேன்."

"ஓட்டிப் பாத்த லட்சணம்தான் இங்க கத்துதே! காது கேக்குதா? நாலு மணிக்கு எனக்குப் பரீட்ச. ஒன்ன நம்பினேன் பாரு."

"அக்கா, சாமி சத்தியமா..."

"அன்னதானம் பண்ற கையால பொய்ச் சத்தியம் பண்ணாத!"

போனை வைத்துவிட்டாள். பாவம், அந்தப் பையன் வெயிலில் ஊருக்கே சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறான். வாசலில் யாரோ அரோகரா போட்டார்கள். தினமும் கேட்கிற சத்தம்தான், இன்றைக்கு சகாதேவனைப் பார்த்துப் போட்டதுபோல் இருந்தது.

பக்கத்து வீட்டில் லேப்டாப் கேட்கலாமா என்றாள் மதிவதனி. பதிவு செய்த கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும் என்று கம்பெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. அவள் ஓசூரில் யார் யாரையோ கேட்டாள், இணையத்தில் எதை எதையோ தேடினாள். எதுவும் நடக்கவில்லை. மூன்று மணி. மூன்றேகால்.

அன்புச்செல்வி தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். நெற்றியில் தூசு, ரவிக்கையில் தூசு. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"சென்னை மேடத்துக்குச் சொல்லிடறேன்" என்றாள். "நாலு மணி வரைக்கும் அவங்களக் காக்க வெக்கறது தப்பு. எனக்குக் குடுப்பன இல்ல, பேர எடுத்துடுங்கன்னு சொல்லிடறேன். அன்னிக்கும் தபால் வரல. இன்னிக்கு ராம் வரல. என் தலையெழுத்து அப்படி."

மகள் லைனில் இருக்கும்போதே போனில் நம்பரைத் தேடினாள். விரல் அந்தப் பச்சைப் பொத்தானுக்குப் போனது.

"அன்பு."

"ம்."

"போடாத." குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "ராம் சாகல. நான்தான் கெடுத்தேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"நீ கொல்லப் பக்கம் போன இல்ல, அப்ப... தீப மையி. பொட்டு வெச்சேன். தங்கமா மின்னுச்சா, அதான் மொகம்னு நெனச்சிட்டேன். கரி அது. கரண்ட் போவாது. தொடச்சா சரியாப் பூடும்."

போனில் மதிவதனிதான் முதலில் வாய் திறந்தாள்.

"அப்பா! ராமுக்குப் பொட்டா!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத குரல். உடனே சுதாரித்துக்கொண்டாள். "மா, எழுந்திரு. பென்சில் ரப்பர் இருக்கா? அந்தப் பல்ல ரெண்டு பக்கமும் ரப்பர் வெச்சுத் தேய். நல்லாத் தேய். காலிப் பள்ளத்துல போடாத, அதுக்குள்ளயும் மையி போயிருக்கும். பழச எடுத்துட்டு அது எடத்துல புதுசப் போடு. எட்டு இருந்தாப் போதும் நமக்கு."

அன்புச்செல்வி எழுந்தாள். தையல் டப்பாவிலிருந்து ஒரு தேய்ந்த ரப்பரை எடுத்தாள். அவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைத் தொட்டாள், தகட்டை ஓரம் பிடித்து எடுத்தாள், தேய்த்தாள். ரப்பர் தூள் கறுப்பாக உதிர்ந்தது. நெய்ப் பிசுக்கு லேசில் போகவில்லை. பழம்புடவைத் துணியால் துடைத்து, மறுபடி தேய்த்தாள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள்.

"நான் புடிச்சிக்கட்டுமா?" என்றார் சகாதேவன், பெட்டியைக் காட்டி.

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நீட்டிய கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

பழையதைக் கழற்றினாள். புதியதை வைத்து அழுத்தினாள். 'டக்.' மணி மூன்று நாற்பது. பவரைப் போட்டாள்.

காற்றாடி சுற்றியது. திரை இருட்டு. ஒரே ஒரு பீப். பிறகு எதுவும் இல்லை. அப்புறம் நீலமாக வெளிச்சம் வந்தது.

"வந்துடுச்சி!" என்று ஓசூரிலிருந்து மதிவதனி கத்தினாள். சாஃப்ட்வேரைத் திறந்தபோது சிவப்புக் கட்டம் வரவில்லை. பச்சையில் ஒரு டிக் விழுந்து, தேர்வு நாலு மணிக்குத் தொடங்கும், ஒரு மணி நேரம் என்று எழுத்து ஓடியது.

"மதி, நீ வெய்யி. முடிச்சிட்டுக் கூப்பிடறேன்" என்றாள் அன்புச்செல்வி. முகம் கழுவிக்கொண்டு வந்தாள். சுரேஷ்குமாருக்கு, 'தப்பு எங்க மேலதான் தம்பி, மன்னிச்சுக்கோ' என்று ஒரு செய்தி அனுப்பினாள். சேலையைச் செருகிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மணி மூன்று ஐம்பத்தாறு.

சகாதேவனுக்கு லேசாகத் தைரியம் வந்தது. "நல்லபடியா எழுது அன்பு" என்றார்.

"ஏங்க."

"சொல்லு."

அவள் திரும்பாமலே பேசினாள். "பொட்டு வெச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல. நல்லதுக்குத்தான் வெச்சிருப்பீங்க. ஆனா ஒரு மணி நேரமா தெரிஞ்சிகினே ஒக்காந்துகினு இருந்தீங்க பாருங்க, கால வெறிச்சுப் பாத்துகினு. அந்த மூஞ்சிய நான் இதுக்கு முன்ன ஒரு தடவ பாத்திருக்கேன்."

அவர் கை முக்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"மதிக்கு ரெண்டு வயசு. எழிலுக்குக் கார்டு வந்துச்சு, எனக்கு வரலன்னு நான் தெனம் வாசல்ல நின்னு போஸ்ட்மேனக் கேட்டுகினு இருந்தேன். நீங்க கட்டில்ல ஒக்காந்து இதே மாதிரிதான் கால பாத்துகினு இருந்தீங்க."

"அன்பு, அது வந்து..."

"இப்ப வாணாம்" என்றாள். அதட்டவில்லை. பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல் மெதுவாகச் சொன்னாள். "இப்ப எதனா சொன்னீங்கன்னா என்னால அடிக்க முடியாது. அஞ்சு மணிக்கு முடியும். அப்ப கேக்கறேன். அப்ப சொல்லுங்க."

ஹெட்போனை எடுத்து இரண்டு காதையும் மூடிக்கொண்டாள்.

ஊன்றுகோல் எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தது. வாசலைத் தாண்டினால் லட்சம் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். சகாதேவனுக்கு அந்த அறையை விட்டு ஒரு அடி எடுத்து வைக்க வழியில்லை. இருபத்திரண்டு வருடம் விழுங்கி வைத்திருந்தது தொண்டைக்கு வந்து நின்றது. கேட்க வேண்டியவளின் காதில் வேறு யாருடைய குரலோ பேசிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு அவள் விரல்கள் கிளம்பின. தட்டுத் தடுமாற்றம் எதுவும் இல்லை. அவள் விசைப்பலகையைக் குனிந்தும் பார்க்கவில்லை. பத்து விரலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. இவள் இவ்வளவு வேகமாக அடிப்பாள் என்பது அவருக்குத் தெரியாது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவர் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தார். மணி நாலு மூன்று. ஐந்து மணிக்கு இன்னும் ஐம்பத்தேழு நிமிடம் இருந்தது.